ஆறாவது வாஷர்

"அண்ணி, புகையைக் கவனிச்சீங்களா?"

"கவனிக்கறதா? வந்ததிலேர்ந்து அதைத்தான் தின்னுட்டு இருக்கேன், தம்பி."

ஏழாம் நம்பர் பஸ் ஷெட்டின் நடுவில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. அதன் பின்குழாயிலிருந்து கருகருவென்று கிளம்பிய புகை தகரக் கூரை வரை போய்ப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் டிடெக்டிவின் வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தது. துப்பறிபவன் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அதனால் புகையை அவர் பார்க்கவில்லை. இருமல் வந்த பிறகுதான் கவனித்தார்.

ஏழு வருடத் தொழிலில் அவர் சாதித்தவற்றை அண்ணி ஒரு நோட்டில் பதிந்து வைத்திருந்தார். மாப்பிள்ளை விசாரணை பதினொன்று. காணாமல் போன நாய்கள் நான்கு; அதில் இரண்டு தாமாகவே வீடு திரும்பின. காணாமல் போன கணவன் ஒருவன். அவன் தன் அம்மா வீட்டில் சௌக்கியமாக இருந்தான். அவனைத் தேடிப் போன டிடெக்டிவ்தான் வழி தவறி மறுநாள் வந்து சேர்ந்தார்.

அண்ணி என்றால் சொந்த அண்ணி. அண்ணன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பார். தொலைபேசிப் புகார்ப் பிரிவில் பன்னிரண்டு வருடம் திட்டு வாங்கி ஓய்வு பெற்ற அண்ணிக்கு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. "உங்க ஆபீஸ்ல மேஜை இருக்கு, நாற்காலி இருக்கு, ஒரு மூளையும் இருந்தா நல்லா இருக்குமே" என்று சொல்லிக்கொண்டு வந்து அசிஸ்டெண்ட் ஆகிவிட்டார். டிடெக்டிவுக்கு மறுக்கத் தைரியம் இல்லை.

இந்தக் கேஸ் நேற்றுக் காலை வந்தது. டெய்லர் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி, கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படி ஏறி ஓடி வந்தார்.

"என் வீட்டுக்காரர் பஸ் ஷெட்ல நாசில் மெக்கானிக், சார். எஞ்சினுக்குள்ள டீசலை அடிக்கற சின்னக் குழாய் அது. வாங்கின புது நாசிலை வெளியில வித்துட்டுப் பழசை மாட்டினாருன்னு பழி போட்டுட்டாங்க. நாளைக்கு மூணு மணிக்கு விசாரணை. நிரூபணம் ஆயிடுச்சுன்னா வேலை போயிடும்."

"அவர் என்ன சொல்றார்?"

"அதான் சார் கொடுமை. வாயே திறக்க மாட்டேங்கறார். திருடினீங்களான்னு கேட்டா சுவரைப் பாக்கறார். இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னா நம்பிடுவேன். அதையும் சொல்ல மாட்டேங்கறார்."

"கவலையை விடுங்கம்மா. அவர் திருடலைன்னு நாங்க நிரூபிச்சிடறோம்."

அந்த அம்மா சற்று நேரம் இன்ச் டேப்பை விரலில் சுற்றினார். "திருடியிருந்தா அதையும் என்கிட்ட சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சாகணும். இருபத்திரண்டு வருஷமாக் கூட வாழற மனுஷனை இப்ப யாருன்னே தெரியல."

அண்ணி அதைக் கேட்டு நோட்டை மூடி வைத்துவிட்டார். கேலி பேசும் கேஸ் அல்ல இது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அந்தத் தீர்மானம் இன்று ஷெட்டுக்குள் நுழையும் வரைதான் தாங்கியது.

இப்போது மணி பதினொன்றரை. விசாரணைக்கு இன்னும் மூன்றரை மணி நேரம்.

சூப்பர்வைசர் காக்கி கோட்டைத் தோளில் போர்த்திக்கொண்டு எதிரே வந்தார். பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்த யாரோ, "ரெண்டு வாஷர் வர்றாருடா" என்று கிசுகிசுக்க, இன்னொருவர் களுக்கென்று சிரித்தார். ஏதோ சாமான் கேட்கிறார்கள் என்று டிடெக்டிவ் எடுத்துக்கொண்டார். சூப்பர்வைசர் இடது கையை நீட்டினார். இங்கே இதுதான் வழக்கம் போல என்று நினைத்து டிடெக்டிவும் இடது கையை நீட்டிக் குலுக்கினார்.

"மேனேஜரம்மா அனுமதி குடுத்திருக்காங்க. பாக்கலாம், ஸ்டார்ட் பண்ணலாம், நட்டைத் தளர்த்தலாம். எதையும் கழட்டி வெளியே எடுக்கக் கூடாது. வியாழக்கிழமையிலேர்ந்து வண்டிக்கு சீல் வச்சிருக்கோம்."

"நடந்ததை முதல்லேர்ந்து சொல்லுங்க" என்று டிடெக்டிவ் கண்களைச் சுருக்கினார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அது யாருக்கும் தெரியவில்லை.

"திங்கள்கிழமை புது நாசில் ஆறு வந்துது. டெஸ்ட் பெஞ்ச்ல என் கண் முன்னாடிதான் மெக்கானிக் டீசலை அடிச்சுப் பாத்தார். ஆறும் அருமையான தூறல். சாயங்காலம் வண்டியில மாட்டினார். செவ்வாய்க்கிழமை புகை டெஸ்ட்டுக்குப் போனா, ஒரே கரி, ஃபெயில். புதன்கிழமை மேனேஜரம்மா முன்னாடி ஆறையும் கழட்டி மறுபடி பெஞ்ச்ல போட்டோம். அதே அருமையான தூறல்! திரும்ப அவரே மாட்டினார். வியாழக்கிழமை டெஸ்ட். அப்பவும் ஃபெயில்."

"அதாவது?"

"கழட்டினா நல்ல நாசில், மாட்டினா கெட்ட நாசில். இது என்ன மாயாஜாலமா? பெஞ்சுக்கும் வண்டிக்கும் நடுவுல இருக்கறது அவர் கை ஒண்ணுதான். வேற யாரையும் அவர் தொட விடமாட்டார்."

"நல்லா இருந்தாலும் திருட்டு, கெட்டுப் போனாலும் திருட்டு" என்றார் அண்ணி. "எங்க புகார்ப் பிரிவு மேனேஜர் உங்க சொந்தக்காரரா?"

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்து நீட்டினார். டெஸ்ட் மையத்தில் கொடுத்தவை. ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள் இருந்தன, ஒன்று புகை மெஷின் காட்டியது, மற்றது வாயு மெஷின் காட்டியது. டிடெக்டிவ் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார். எண்கள் பெரிதாகத் தெரிந்தன. அர்த்தம் மட்டும் அதே அளவில்தான் இருந்தது.

அண்ணி சீட்டைப் பிடுங்கினார். "செவ்வாய்க்கிழமை புகை அதிகம், வாயு சரியா இருக்கு. வியாழக்கிழமை புகை கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ஆனா வாயு ரெட்டிப்பாயிருக்கு. நோய் இடம் மாறியிருக்கே. ஏன்?"

"அது டீசல் விவகாரம்மா."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. தம்பிக்கு நான் அப்புறம் சொல்லிக்கறேன்."

சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டார். ஆனால் தொழிலைப் பற்றிப் பேசக் கிடைத்ததில் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"டீசல் எஞ்சின்ல பொறி வைக்கறதுக்கு ஒண்ணும் கிடையாது. பிஸ்டன் மேல வந்து காத்தை அமுக்கும். அமுக்கற அமுக்குல காத்து கொதிக்கும். அந்த நேரம் பாத்து நாசில் டீசலைப் பூந்தூறலா உள்ளே அடிக்கணும். பிஸ்டன் தலையில ஒரு கிண்ணம் மாதிரி பள்ளம் இருக்கும். தூறல் அதுக்குள்ள விழுந்தா காத்தோட கலந்து சுத்தமா எரியும். சொட்டுச் சொட்டா விழுந்தாலோ, இடம் தப்பி விழுந்தாலோ, பாதி வெந்து கரியாயிடும். இதோ இந்தப் புகை."

"சரி. வாயு?"

"அது எப்ப அடிக்கறோம்கறதைப் பொறுத்தது. நாசிலுக்கு டீசல் அனுப்பற பம்பை ஒரு நூல் திருப்பி, டீசலைக் கொஞ்சம் முன்னாடியே உள்ளே விட்டா, எரிய அவகாசம் கிடைக்கும், நெருப்பும் சூடா எரியும். கரி குறையும். ஆனா அந்தச் சூட்டுல காத்தே கெட்டுப்போகும். கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சை அறுக்கும். எஞ்சினும் டக்டக்னு தட்டும். தாமதமா விட்டா வாயு குறையும், கரி ஏறும், வண்டி இழுக்காது. ஒண்ணை அமுக்கினா இன்னொண்ணு கிளம்பும். ரெண்டையும் அடக்கற இடத்துலதான் பம்பை வைப்போம். வச்சு ஒரு கோடும் போட்டுடுவோம்."

டிடெக்டிவின் காதில் இப்போதுதான் அந்தச் சத்தம் விழுந்தது. உறுமலுக்கு நடுவே யாரோ கதவைத் தட்டுவதைப் போல் டக்டக், டக்டக். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. தனக்கே ஒரு விஷயம் புரிந்துவிட்டது என்பதுதான் காரணம்.

"எஞ்சினை நிறுத்துங்க!" என்று கத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, பானெட்டுக்குள் தலையை விட்டார். பம்ப் உட்கார்ந்திருந்த இடத்தில் எஞ்சின் பக்கம் ஒரு கோடு, பம்ப் பக்கம் ஒரு கோடு. இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டியவை. பார்க்கவில்லை. நடுவே ஒரு நூலளவுக்குப் பழைய அழுக்கு விலகி, புது உலோகம் பளபளத்தது.

"பம்பைத் திருப்பியிருக்காங்க! செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல! இந்தப் பம்பைத் திருப்பத் தெரிஞ்ச ஆள், வண்டியை டெஸ்ட்டுக்கு ஓட்டிட்டுப் போன ஆள், நாசில் மெக்கானிக் மேல பழி போட்ட ஆள், மூணு பேரும் ஒருத்தரே!"

விரல் சூப்பர்வைசரை நோக்கி நீண்டது. ஷெட்டில் ஸ்பேனர் சத்தம் நின்றது. ஏழு வருடமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த கணம் இதுதான் என்று டிடெக்டிவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

சூப்பர்வைசர் தோளில் போர்த்தியிருந்த கோட்டை எடுத்தார். வலது கை முழங்கையிலிருந்து விரல்நுனி வரை மாவுக்கட்டில் இருந்தது.

"மூணு வாரமாச்சு. பம்பைத் திருப்ப ரெண்டு கையும் வேணும். வண்டி ஓட்டவும் வேணும். டெஸ்ட்டுக்கு டிரைவர்தான் கொண்டு போனார்."

பஸ்ஸுக்கு அடியிலிருந்து வந்த சிரிப்பில் பஸ்ஸே குலுங்கியிருக்கும். அண்ணி நோட்டைத் திறந்து ஏதோ எழுத ஆரம்பித்தார்.

"அண்ணி, அதை எழுதணுமா?"

"அரை மணி நேரமா எதிர்ல நிக்கற மாவுக்கட்டைக் கண்டுபிடிச்சிருக்கீங்க, தம்பி. சரித்திரத்துல வரவேண்டாமா?"

டிடெக்டிவுக்கு பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். அதனால் நின்ற இடத்திலேயே நின்று, "மன்னிச்சிடுங்க" என்றார். சூப்பர்வைசர் தலையை ஆட்டினாரே தவிர, அவர் பார்வை பம்ப் கோட்டில் இருந்தது. அது விலகியிருப்பதை அவரும் இப்போதுதான் பார்க்கிறார்.

அண்ணி பென்சிலைக் காதில் செருகினார். "தம்பி சொன்னதுல ஆளுதான் தப்பு. விஷயம் தப்பில்ல. பம்பை யாரோ திருப்பியிருக்காங்க, புகையைக் குறைக்கறதுக்காக. நாசிலைத் திருடி வித்தவனுக்குப் புகை மேல என்ன அக்கறை? மாட்டிக்குவோம்னு பயந்தா நல்ல நாசிலைத் திரும்ப வச்சிட்டுப் போறான். பம்பைத் திருப்பின ஆள் அப்படிச் செய்யலை. நோயை விட்டுட்டு இருமலுக்கு மருந்து குடுத்திருக்கார். ஏன்னா, நோய் இருக்கற இடம் அவர் கைக்கு எட்டலை."

"எந்த இடம்?" என்றார் டிடெக்டிவ்.

"அதை நீங்க கண்டுபிடிங்க. ஆபீஸ் வாசல் போர்டுல உங்க படம்தானே இருக்கு?"

வழி சூப்பர்வைசருக்குத் தெரிந்திருந்தது. எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு நாசிலுக்கும் போகிற பைப்பின் நட்டைத் தளர்த்தினால் அந்த சிலிண்டர் மட்டும் பட்டினி கிடக்கும். அப்போது புகை என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஒற்றைக் கையால் அவரால் முடியாது. அதனால் ஸ்பேனர் டிடெக்டிவின் கைக்கு வந்தது.

ஒன்றாம் நட்டு. டீசல் பீச்சி அடித்து அவர் மூக்கைத் தொட்டது. எஞ்சின் தடுமாறியது. புகை அப்படியே. இரண்டாம் நட்டு, இந்தத் தடவை காது. புகை அப்படியே. மூன்றாவதில் சட்டையின் மிச்ச வெள்ளையும் போனது. நாலாம் நட்டைத் தளர்த்தியதும் எஞ்சின் நொண்டியது, டிடெக்டிவின் வாய்க்குள் டீசல் போனது, பின்னாலிருந்து அண்ணி கத்தினார்.

"நிறுத்துங்க! புகை போச்சு!"

உண்மைதான். குழாயிலிருந்து வெறும் வெப்பம் மட்டும் நெளிந்தது. நட்டை இறுக்கியதும் கரி மறுபடி கொட்டியது.

டிடெக்டிவ் துப்பிவிட்டு நிமிர்ந்தார். "குற்றவாளி நாலாம் நம்பர். ஆனா அந்த நாசில் பெஞ்ச்ல நல்லா இருந்துதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ கோளாறு நாசில்ல இல்ல. அது உக்கார்ற இடத்துல இருக்கு."

ஷெட்டில் யாரும் சிரிக்கவில்லை. டிடெக்டிவுக்கே அது புதிதாக இருந்தது. அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி எழுதிக்கொண்டிருந்தார்.

நாசில் மெக்கானிக்கின் அறை ஷெட்டின் மூலையில் இருந்தது. மற்ற இடமெல்லாம் கிரீஸ் வழிய, அந்த அறை மட்டும் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி துடைத்து வைத்திருந்தது. சுவரில் சிவப்புப் பெயிண்டில் அவர் கையெழுத்து: "முதலில் பழசை எண்ணு." அதன் கீழே வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் பஸ் நம்பரும் தேதியும் எழுதிய அட்டையோடு ஒரு கம்பி வளையம். வளையத்தில் சின்னச் சின்னச் செம்பு வாஷர்கள் கோத்திருந்தன.

"இது எதுக்கு?" என்றார் டிடெக்டிவ்.

"ஒவ்வொரு நாசிலுக்கும் அடியில ஒரு செம்பு வாஷர் உண்டு. நாசில் எவ்வளவு கீழே இறங்கி உக்காரணும்கறதை அதுதான் முடிவு பண்ணும். நாசிலைக் கழட்டினா பழைய வாஷரைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடணும். அவர் தூக்கிப் போடமாட்டார், கோத்து வைப்பார். ஆறு புதுசு உள்ளே போனா ஆறு பழசு வெளியே வந்திருக்கணும். அதுக்குக் கணக்கு."

"ஒரு பழசு வரலைன்னா?"

சூப்பர்வைசரின் முகம் மாறியது. இடது கையால் பிடரியைச் சொறிந்தார்.

"கரி பிடிச்சுக் குழியிலேயே ஒட்டிக்கும். பாத்தா தெரியாது. அது மேலயே புதுசைப் போட்டுட்டா ரெண்டு வாஷர் ஆயிடும். நாசில் ஒரு வாஷர் உயரத்துக்குத் தூக்கிக்கிட்டு நிக்கும். தூறல் கிண்ணத்துல விழாம விளிம்புல அடிக்கும். அப்புறம்..." அவர் நிறுத்தினார். "ஒன்பது வருஷம் முன்னாடி நான் ஃபிட்டரா இருந்தப்ப அந்தத் தப்பைப் பண்ணினேன். அவர் ஷெட்டு மொத்தத்தையும் கூப்பிட்டு, எல்லார் முன்னாடியும் அந்த வாஷரை என் உள்ளங்கையில வச்சார். அன்னிலேர்ந்து எனக்கு ரெண்டு வாஷர்னுதான் பேர். இப்ப சூப்பர்வைசர் ஆயிட்டேன். பேர் மட்டும் மாறலை."

"அன்னிக்கு வந்த புகை எப்படி இருந்துது?" என்றார் அண்ணி மெதுவாக.

"இதே மாதிரி... இதே புகைதான்."

"அப்போ இந்தப் புகையைப் பாத்ததும் உங்களுக்குத் தோணலையா?"

"எப்படிம்மா தோணும்? அவரு வாஷரை விடுவாரா? திருடுவாருன்னுகூட நம்ப முடிஞ்சுது. இதை நம்ப முடியலையே!"

டிடெக்டிவ் பாய்ந்து ஏழாம் நம்பர் ஆணியில் திங்கள்கிழமை வளையத்தை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். ஆறு இருந்தது. மறுபடி எண்ணினார். அப்போதும் ஆறுதான். அவர் முகம் தொங்கிப் போயிற்று. இருந்த ஒரே துப்பும் சரியாக இருந்துவிட்டது.

"குடுங்க" என்று அண்ணி வாங்கினார். வாஷர்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவினார். ஐந்து வாஷர்கள் நசுங்கித் தட்டையாகி, நாசில் அழுத்திய வட்டத் தடத்தோடு இருந்தன. கரி அவற்றின் தோலாகவே மாறியிருந்தது. ஆறாவதும் கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் தடித்து, வழவழவென்று, தடமே இல்லாமல் இருந்தது. அண்ணி புடவைத் தலைப்பால் ஒரு தேய்ப்பு தேய்த்தார். கறுப்பு மொத்தமும் துணிக்கு வந்துவிட்டது, அடியில் புத்தம் புதுச் செம்பு மின்னியது.

"கிரீஸும் கரியும் குழைச்சுப் பூசியிருக்கு. இது எஞ்சினுக்குள்ள போனதே இல்ல."

டிடெக்டிவ்தான் முதலில் சொன்னார். "அப்போ அவருக்குத் தெரியும்."

நாசில் மெக்கானிக் ஷெட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தார். ஷெட்டே அவரை நாசில் என்றுதான் கூப்பிடும். மெலிந்த மனிதர். நகத்தில்கூட அழுக்கு இல்லை. டிடெக்டிவ் அந்தப் பளபளக்கும் வாஷரை அவர் எதிரில் வைத்தார். நாசில் அதைப் பார்த்தார், பிறகு டீசலில் ஊறிய டிடெக்டிவைப் பார்த்தார்.

"புதன்கிழமை மாட்டி முடிச்சுட்டு, பழசைக் கோக்கறப்பத்தான் திங்கள்கிழமை வளையத்தைப் பாத்தேன். அஞ்சுதான் இருந்துது. எனக்குக் கைகால் ஓடலை. திங்கள்கிழமை எண்ணாமலே கோத்துட்டேன் சார். முப்பது வருஷத்துல எண்ணாத ஒரே நாள்."

"கழட்டி எடுத்திருக்கலாமே?"

"ஒட்டினதைக் கொக்கி போட்டு எடுக்க அரை நாள் ஆகும். காலையில டெஸ்ட். கிடைச்சது அரை மணி நேரம். பம்பைத் திருப்பிக் கரியை மறைச்சுடலாம்னு பாத்தேன். வாயு ஏறிடும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் பண்ணினேன். அப்புறம் வண்டிக்கு சீல் வச்சுட்டாங்க."

"இதைச் சொல்லியிருந்தா திருட்டுப் பழியே வந்திருக்காதே!"

"திருடன்னு சொன்னா வேலை போகும். வாஷரை விட்டவன்னு சொன்னா..." நாசில் வாஷரை விரலால் தள்ளி வைத்தார். "அந்தப் பையனை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சவன் நான். எந்த முகத்தோட சொல்ல? திருடன்னே இருந்துட்டுப் போறேன். நீங்களும் பாக்காத மாதிரி போயிடுங்க சார்."

டிடெக்டிவ் தரையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த விஷயத்தில் மட்டும் தனக்கு உண்மையான அனுபவம் இருப்பதாக அவருக்குத் தோன்றியது.

"காலையில ஒரு மனுஷனை எல்லார் முன்னாடியும் குற்றவாளின்னு கைகாட்டினேன். கையில மாவுக்கட்டு. அதைக்கூடப் பாக்காம அவர்கூட இடது கையில கைகுலுக்கியிருக்கேன். ஷெட்டே சிரிச்சுது. காது சிவந்துது, அவ்வளவுதான். சாகலை. இந்த மாதிரி ஏழு வருஷமா வாரத்துக்கு ரெண்டு தடவை நடக்குது எனக்கு."

"வாரத்துக்கு மூணு" என்றார் அண்ணி.

நாசிலின் உதட்டோரம் லேசாக அசைந்தது. ஆனால் தலை ஆடியது, முடியாது என்று.

அண்ணி அவர் முன்னால் குனிந்தார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை. "எங்களை யார் கூப்பிட்டாங்கன்னு நினைக்கறீங்க? உங்க வீட்டம்மா. இன்ச் டேப்போட ஓடி வந்தாங்க. 'அவர் திருடலைன்னு சொல்லுங்க'ன்னு மட்டும் கேட்கலை. 'திருடியிருந்தா அதையும் சொல்லுங்க'ன்னு கேட்டாங்க."

நாசில் நிமிர்ந்தார். "அவளா? நான் திருடியிருப்பேன்னு அவ நினைக்கறாளா?"

"நீங்க சுவரைப் பாத்தா அவங்க வேற என்ன நினைப்பாங்க?"

ஷெட்டில் தன் பெயர் சாயக் கூடாது என்பதையே நினைத்துக்கொண்டிருந்ததில், வீடு சாய்ந்ததை நாசில் கவனிக்கவே இல்லை. பிறகு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நேராக மேனேஜர் அறையை நோக்கி நடந்தார்.

மூன்று மணிக்கு விசாரணை மேனேஜரின் அறையில் நடக்கவில்லை, ஏழாம் நம்பர் பஸ்ஸின் பக்கத்தில் நடந்தது. நாசில்தான் அப்படிக் கேட்டுக்கொண்டார். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் நிற்க வேண்டும் என்றார். அண்ணி கேட் வாசலில் காத்திருந்த டெய்லர் அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்திருந்தார்.

"நான் எந்த நாசிலையும் விக்கலை. நாலாம் நம்பர்ல பழைய வாஷரை உள்ளேயே விட்டுட்டுப் புதுசைப் போட்டுட்டேன். அதை மறைக்கப் பம்பைத் திருப்பினேன். அதையும் மறைக்கப் பொய் வாஷரைக் கோத்தேன்." நாசில் இதை ஒரே மூச்சில் சொன்னார். பிறகு சூப்பர்வைசரைப் பார்த்தார். "அன்னிக்கு உன்னை அப்படிப் பண்ணியிருக்கக் கூடாதுப்பா."

எல்லோரும் சூப்பர்வைசரின் வாயைப் பார்த்தார்கள். ஒன்பது வருடக் கடன் அங்கே தீரப் போகிறது என்று பஸ்ஸுக்கு அடியில் இருந்தவர்கள்கூட வெளியே வந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் தன் மாவுக்கட்டைப் பார்த்தார், பிறகு ஷெல்ஃபிலிருந்து கொக்கியை எடுத்து நீட்டினார்.

"என்னால ஒத்தைக் கையில எடுக்க முடியாது. நீங்களே எடுங்கண்ணே."

வாஷரை எடுக்க அரை நாள் ஆகவில்லை. நான்கு பேர் விளக்குப் பிடிக்க, ஒரு மணி நேரத்தில் கரியோடு கரியாக ஒட்டியிருந்த வளையம் கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு புது வாஷர் போட்டு நாசிலை இறக்கி உட்கார வைத்து, பம்பைத் திருப்பிக் கோட்டோடு கோடு சேர்த்தார் மெக்கானிக். பஸ்ஸை ஸ்டார்ட் செய்தார்கள். முதலில் கொஞ்சம் கமறியது. பிறகு சீராக ஓடியது. தட்டவும் இல்லை.

திருட்டுப் புகார் ரத்து என்று மேனேஜர் எழுதினார். அனுமதியில்லாமல் பம்பைத் தொட்டு, ஒரு வண்டி நிறைய ஜனங்கள் சுவாசிக்கிற காற்றோடு விளையாடியதற்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன் என்றும் எழுதினார். நாசில் கையெழுத்துப் போட்டார். அதில் அவருக்கு மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் பக்கத்தில், டெய்லர் அம்மா கணவர் எதிரில் வந்து நின்றார். நாசில் மறுபடி சுவரைத் தேடினார். ஷெட்டின் நடுவில் சுவர் இல்லை.

"ஒரு வாஷர்" என்றார் அந்த அம்மா. "அஞ்சு நாளா ஒரு வாய் சாப்பிடலை நான். போலீஸ் வருமா, பிள்ளைங்ககிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சு யோசிச்சு... ஒரு வாஷரா?"

"தப்பு பண்ணிட்டேன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"நான் தினமும் தப்பாத் தைக்கறேன். தினமும் பிரிக்கறேன். உங்க எதிர்லதான் உக்காந்து பிரிக்கறேன். ஒரு நாளாவது வெளியில எடுத்துட்டுப் போய்ப் பிரிச்சிருக்கேனா?"

நாசிலின் கண்களிலிருந்து வழிந்ததை அந்த அம்மா முந்தானையால் துடைத்தார். துடைத்த வேகத்தில் அன்பைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. பிறகு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.

டிடெக்டிவ் அவசரமாகக் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"என்ன தம்பி, அழறீங்களா?"

"புகை, அண்ணி" என்றார் டிடெக்டிவ்.

அண்ணி பஸ்ஸின் பின்குழாயைத் திரும்பிப் பார்த்தார். அதில் ஒரு பொட்டுப் புகை இல்லை.